ரெனான் எண்ணாத வாக்குகள்: அல்சாஸ் 1789 – 1795

எமது சந்திப்புகளில் தேசியம் பற்றிய விவாதம் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் யாராவது ஒரு தோழர் ஏர்னஸ்ட் ரெனானைக் கொண்டு வந்து நிறுத்திவிடுவார். தேசம் என்பது இனமுமல்ல, மொழியுமல்ல, மதமுமல்ல; சேர்ந்து வாழ விரும்பும் மக்களின் சம்மதமே தேசம்; அது ஒவ்வொரு நாளும் நடக்கும் ஒரு வாக்கெடுப்பு. 1882 மார்ச் 11இல் சோர்போனில் அவர் ஆற்றிய உரையின் சாரம் இதுதான். மொழி, நிலம், பொருளாதாரம், உளப்பாங்கு என்று ஸ்டாலினின் வரையறையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக அடிபட்டுக் களைத்த எங்களுக்கு ரெனானிடம் மூச்சுவிட இடம் கிடைத்தது போலிருந்தது. நானும் அவரை மேற்கோள் காட்டி எழுதியிருக்கிறேன். ஆகவே இக்கட்டுரை முதலில் எனது பழைய எழுத்துக்கு எதிரான விமர்சனம்.

ரெனானின் கோட்பாடு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதன் கீழே ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பு கிடக்கிறது: அல்சாஸ். 1871இல் ஜேர்மனி அதைப் பறித்துக்கொண்டது. அங்குள்ளவர்கள் பேசுவது ஜேர்மன் மொழி, எனவே அது ஜேர்மனியுடையது என்று ஜேர்மன் பேராசிரியர்கள் வாதிட்டார்கள். இதற்குப் பதில் சொல்லவே பிரெஞ்சு அறிஞர்களுக்கு ‘விருப்பம்’ தேவைப்பட்டது. ரெனானுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1870 ஒக்டோபரில், வரலாற்றாசிரியர் ஃபுஸ்தெல் து கூலான்ஜ் ஜேர்மன் அறிஞர் மொம்சனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். அல்சாஸ் இனத்தாலும் மொழியாலும் ஜேர்மனாக இருக்கலாம். உணர்வால் அது பிரான்ஸ். அதைப் பிரான்ஸ் ஆக்கியது பதினான்காம் லூயி அல்ல, 1789 புரட்சியே என்பது அவர் வாதம்.

அந்தக் கடிதத்தின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பத்தாண்டுகள் ஸ்ராஸ்பூர்க்கில் படிப்பித்தவர் ஃபுஸ்தெல். கடிதத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஓகஸ்ட் 24ஆம் திகதி இரவு, பிரஷ்ய அணியின் எறிகணைகளால் அந்நகரின் நூலகம் முழுவதும் எரிந்து சாம்பலானது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஓவியக் கையெழுத்துச் சுவடி உட்பட இலட்சக்கணக்கான நூல்கள் போயின. நூலகம் எரிவதென்றால் என்னவென்று இவ்விதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எனினும், புரட்சிதான் அல்சாஸைப் பிரான்ஸ் ஆக்கியது என்ற அந்த வசனத்தை இந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு வாசிக்கும்போது ஏதோ இடறுகிறது. நான் இங்கு வந்து பல ஆண்டுகளின் பின்பே அது எதில் இடறுகிறது என்று பிடிபட்டது. 1793 டிசம்பர் என்ற ஒரு மாதம் அந்த வசனத்துக்குள் இல்லை.

முதலில் பழைய அல்சாஸ். 1648 வெஸ்ட்பாலியா உடன்படிக்கையால் அதன் ஒரு பகுதியும், 1681இல் படைபலத்தால் ஸ்ராஸ்பூர்க்கும் பிரெஞ்சு முடிக்குக் கிடைத்தன. ஆனால் முடி அங்கு அதிகம் கைவைக்கவில்லை. ரைன் நதிக்கு அப்பாலிருந்த ஜேர்மன் இளவரசர்கள் நதிக்கு இப்பால் தமது கிராமங்களில் வரி அறவிட்டார்கள். சுங்க எல்லை ரைனில் இல்லை, மேற்கே வோஜ் மலையில் இருந்தது; அதாவது வணிகக் கணக்கில் அல்சாஸ் பிரான்சுக்கு வெளியே. கத்தோலிக்கர், லூதரன்கள், கல்வினியர், யூதர் என்று பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள். ஸ்ராஸ்பூர்க் பல்கலைக்கழகம் ஜேர்மன் லூதரன் கல்விமரபில் இயங்கியது. கேத்தே படித்தது இங்குதான். மக்கள் அரசருக்கு விசுவாசமாக இருந்தார்கள், தமது பேச்சில் வாழ்ந்தார்கள். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

1789 அந்த ஏற்பாட்டை உடைத்தது. ஜூலையில் விவசாயிகள் எழுந்தார்கள். முர்பாக் மடாதிபதியின் கெப்வில்லர் மாளிகையைச் சூறையாடினார்கள். ஓகஸ்ட் 4 இரவு பாரிசில் நிலப்பிரபுத்துவ உரிமைகள் ஒழிக்கப்பட்டபோது, அல்சாஸில் நிலம் வைத்திருந்த ஜேர்மன் இளவரசர்கள் உடன்படிக்கைகளை நீட்டினார்கள்: எமது உரிமைகள் சர்வதேச ஒப்பந்தத்தால் காக்கப்பட்டவை, உங்கள் சபை எப்படி ஒழிக்கலாம்? இதற்கு 1790 ஒக்டோபரில் சட்ட அறிஞர் மெர்லான் து துவே தேசிய சபையில் கொடுத்த பதில், என் பார்வையில், நவீன அரசியல் சிந்தனையின் பெரிய தருணங்களில் ஒன்று. அல்சாஸ் மக்கள் பிரான்சுடன் இணைந்திருப்பது இளவரசர்கள் எழுதிய தோல் ஓலைகளால் அல்ல, அவர்கள் பிரெஞ்சுக்காரராக இருக்க விரும்பியதால்தான் என்றார் அவர். மக்களை மந்தைபோல் கைமாற்றிய உடன்படிக்கைகளின் காலம் அந்தப் பேச்சோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. ரெனானும் ஃபுஸ்தெலும் இந்த மெர்லானின் வாரிசுகள்.

ஆனால் அந்த விருப்பத்தை யார் கேட்டறிந்தார்கள்? அடுத்த ஆண்டு அவிஞ்ஞோனில் மக்களிடம் வாக்கு எடுத்தார்கள். அல்சாஸில் எடுக்கவில்லை. பிரதிநிதிகளை அனுப்பினார்கள், 1790 ஜூனில் ஸ்ராஸ்பூர்க் வெளியில் பெருந்திரளாகக் கூடிக் கூட்டமைப்பு விழாவில் சத்தியம் செய்தார்கள், ஆகவே விரும்பினார்கள் என்பது ஊகம். பெரும்பாலும் சரியான ஊகமாகவே இருக்கலாம். தசமபாகமும் பிரபுவின் வரியும் போனதை விரும்பாத விவசாயி யார்? ஆயினும் ஊகம் ஊகமே. சபை ஒரு முறை மக்களின் விருப்பத்தைத் தானே அறிவித்துவிட்டால், அடுத்த முறை மக்கள் வேறு விதமாக நடந்தால் பிழை மக்களில் என்றாகிவிடுகிறது.

இந்த இடத்தில் நான் ‘உள்ளூர் மக்களின் விருப்பம்’ என்ற மறுதரப்புக்குத் தாவிவிடுவேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். தாவ முடியாது. காரணம் யூதர்கள். அக்காலத்துப் பிரான்சிலிருந்த யூதர்களில் பாதிப்பேர், ஏறத்தாழ இருபதாயிரம் பேர், அல்சாஸ் கிராமங்களில் வாழ்ந்தார்கள். ஸ்ராஸ்பூர்க்கில் குடியிருக்க அவர்களுக்கு உரிமையில்லை. மாலையானால் பேராலயக் கோபுரத்திலிருந்து கொம்பு ஊதி அவர்களை வெளியேற்றினார்கள். மாடு பன்றிக்கு வாங்குவதுபோல் நகர வாசலில் அவர்களிடம் உடல்வரி வாங்கும் வழக்கம் 1784 வரை இருந்தது. 1789 கோடையில் மாளிகைகளைத் தாக்கிய அதே விவசாயிகள் தெற்கே சுண்ட்கவ் பகுதியில் யூத வீடுகளையும் உடைத்தார்கள், கடன் பத்திரங்களை எரித்தார்கள். யூதக் குடும்பங்கள் எல்லை தாண்டி பாசலுக்கும், அப்போது பிரான்சின் பகுதியாக இல்லாத முல்ஹவுஸ் குடியரசுக்கும் ஓடின. புரட்சியின் அல்சாஸ் அகதிகளில் முதலாமவர்கள் இவர்கள்தான். தேசிய சபையில் யூதருக்குக் குடியுரிமை கொடுப்பதைக் கடைசிவரை எதிர்த்து நின்றவர் கொல்மாரின் பிரதிநிதி ரூபெல். அவர் பழைமைவாதியல்ல, இடதுசாரி. தன்னைத் தெரிவு செய்தவர்களின் விருப்பத்தைத்தான் அவர் சொன்னார். 1791 செப்டெம்பர் 27இல் குடியுரிமை வந்தது. அல்சாஸின் விருப்பத்தை மீறி, பாரிசிலிருந்து வந்தது.

இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு. ஒரு பிரதேசத்தின் பெரும்பான்மை தன் பக்கத்து வீட்டுக்காரனை விரட்ட விரும்பும்போது, அந்த விருப்பமும் விருப்பம்தானே? ரெனானின் உரையில் இதற்குப் பதில் இல்லை. எமது சொந்த ஊர்க் கணக்கை இங்கு நான் எடுக்கப் போவதில்லை. அது வாசகருக்குத் தெரிந்த கணக்கு.

அல்சாஸ் கத்தோலிக்க விவசாயிக்கும் புரட்சிக்கும் உறவு முறிந்தது நிலத்திலோ மொழியிலோ அல்ல, கோயிலில். குருமார் அரசியலமைப்புக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று 1791இல் கேட்டபோது கீழ் ரைன் மாவட்டத்தில் சத்தியம் செய்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரான்சிலேயே மிகக் குறைந்த வீதங்களில் இதுவும் ஒன்று. ஆயர் றோஹான் நதியைத் தாண்டி எற்றன்ஹைமில் போய் இருந்துகொண்டார். புதிய ஆயரை வாக்காளர் தெரிவு செய்தார்கள். அவர்களில் புரட்டஸ்தாந்தினரும் இருந்தார்கள். தனது ஆயரை லூதரன் ஒருவன் வாக்குப்போட்டுத் தெரிவதை ஒரு கத்தோலிக்கக் கிழவி எப்படி விளங்கிக்கொண்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூரில் சத்தியம் செய்யக் குருமார் கிடைக்காததால் ரைனுக்கு அப்பாலிருந்து ஜேர்மன் குருமாரை அழைத்தார்கள். ஒய்லோகியஸ் ஷ்னைடர் அப்படி வந்தவர்: முன்னாள் துறவி, கவிஞர், புரட்சியைப் பாராட்டியதால் பொன் பல்கலைக்கழகத்தில் வேலை இழந்தவர். சுதந்திரத்தின் நாட்டில் தஞ்சம் தேடி வந்த அறிவுஜீவி என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டு மனிதர்களின் கதை இந்த நகரத்தின் புரட்சியைச் சொல்லிவிடும். 1792 ஏப்ரலில் போர் அறிவிப்பு வந்த இரவில், பின்னாளில் மார்செய்யேஸ் என்று பெயர்பெற்ற போர்ப்பாடலை ரூஜே து லீல் எழுதினார். எழுதத் தூண்டியவர் நகரபிதா டீட்ரிக். அந்த டீட்ரிக் மிதவாதி. அரசர் கவிழ்க்கப்பட்டதை எதிர்த்ததால் பாசலுக்கு ஓடி, பின் தானாகவே திரும்பி வந்து, 1793 டிசம்பர் 29இல் பாரிசில் கில்லட்டினில் இறந்தார். அவருக்கு எதிராகக் கடுமையாக இயங்கியவர் ஷ்னைடர். புரட்சி நீதிமன்றத்தின் அரச வழக்குத் தொடுநராகி, நடமாடும் கில்லட்டினுடன் கிராமம் கிராமமாகப் போனார் அந்தக் கவிஞர். டிசம்பர் நடுப்பகுதியில் பாரிசின் பிரதிநிதி சென்-ஜூஸ்த் அவரைக் கைதுசெய்து, நகரச் சதுக்கத்தில் அவருடைய கில்லட்டினிலேயே கட்டிவைத்துக் காட்சிப்படுத்தினார். 1794 ஏப்ரல் 1இல் அவர் தலையும் போனது. அவர் அஞ்சப்பட்டது கொடூரத்துக்காக. ஆனால் அவரது வீழ்ச்சியோடு ஜேர்மன் பேசும் ஜக்கோபின்கள் எல்லோருமே ‘அந்நியர்’ ஆனார்கள். புரட்சி தன்னிடம் தஞ்சம் வந்தவனை முதலில் அதிகாரியாக்கியது, பிறகு ஒற்றனாக்கியது.

சென்-ஜூஸ்த் வந்த நேரம் மோசமான நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். 1793 ஒக்டோபர் 13இல் ஒஸ்ரியத் தளபதி வூர்ம்சர் விசம்பூர் அரண்களை உடைத்து ஆகெனோ வரை வந்துவிட்டார். இவர் ஸ்ராஸ்பூர்க்கில் பிறந்தவர். அல்சாஸ் மக்களை ஜேர்மானியரே என்று விளித்துப் பிரகடனமும் வெளியிட்டார். முற்றுகை அச்சத்தில் இருந்த நகரில் சென்-ஜூஸ்த்தும் லுபாவும் பணக்காரரிடம் ஒன்பது மில்லியன் லீவர் கட்டாயக் கடன் அறவிட்டார்கள். படையினர் வெறுங்காலுடன் நிற்கிறார்கள் என்று பத்தாயிரம் சோடி சப்பாத்துகளை ஒரே இரவில் கேட்டார்கள். இவற்றை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதே நாட்களில் நகரப் பெண்களிடம், உங்கள் இதயம் பிரெஞ்சு, ஆகவே ஜேர்மன் உடைப்பாணியைக் கைவிடுங்கள் என்றும் கேட்டார்கள். பேராலயத்தின் சிலைகள் இருநூறுக்கு மேல் நொறுக்கப்பட்டன. கோபுரத்தின் மேல் தகரத்தில் செய்த பெரிய சிவப்புத் தொப்பி ஒன்று ஏற்றப்பட்டது. (பின்னர் அத்தொப்பியை இறக்கி நூலகத்தில் வைத்திருந்தார்கள். 1870இன் அந்த இரவில் அதுவும் எரிந்தது.) சில வாரங்களின் பின், 1794 ஜனவரி 27இல், பரேர் கொன்வென்சனில் பேசினார்: பிரெற்றோன், பாஸ்க், இத்தாலியன் என்று ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு எதிர்ப்புரட்சியோடு முடிச்சுப்போட்டார், குடியரசை விட்டு ஓடியவர்களின் மொழி அவர் பட்டியலில் ஜேர்மன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மெர்லானுக்கு அல்சாஸின் மொழி ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

பரேர் ‘ஓடியவர்கள்’ என்றது வெறும் அலங்காரப் பேச்சல்ல. 1793 டிசம்பர் கடைசி வாரத்தில் ஓஷ், பிஷ்குரு ஆகியோரின் படைகள் விசம்பூரை மீட்டன. பின்வாங்கிய ஒஸ்ரியப் படையோடு வடக்கு அல்சாஸின் கிராமங்கள் கிளம்பின. வரலாற்றில் இதற்குப் ‘பெரும் ஓட்டம்’ என்று பெயர். சில நாட்களுக்குள் பல்லாயிரக்கணக்கான மக்கள், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும், குளிர்காலத்தில், ரைனைக் கடந்தார்கள். பிரபுக்கள் முன்னரே போய்விட்டார்கள். இவர்கள் விவசாயிகள், நெசவாளர், தச்சர், பெண்கள், பிள்ளைகள். பிரெஞ்சுப் புரட்சிக்கால வெளியேற்றம் முழுவதையும் அரச பட்டியல்களை வைத்துக் கணக்கிட்ட அமெரிக்க வரலாற்றாசிரியர் டொனால்ட் கிரீர் 1951இல் வெளியிட்ட நூலின்படி, நாடு முழுவதிலும் ஏறத்தாழ 129,000 பேர் பட்டியலில் இருந்தார்கள்; அவர்களில் 20,000க்கும் மேற்பட்டோர் கீழ் ரைன் என்ற இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போனவர்கள். மொத்தத்தில் பிரபுக்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். நாவல்களும் திரைப்படங்களும் எங்களுக்குப் பழக்கிய அந்தப் பவுடர் பூசிய எமிக்ரே உண்மையில் ஒரு சிறுபான்மை.

ஏன் ஓடினார்கள்? ஒஸ்ரியர் இருந்த இரண்டு மாதங்களில் சிலர் அவர்களுக்கு உதவினார்கள், சிலர் பழைய குருவைத் திருப்பலிக்கு அழைத்தார்கள், பலர் வைக்கோலும் வண்டியும் கேட்டபோது கொடுத்தார்கள். படை கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் திரும்பி வரும் படைக்கு உதவியவனும் கொடுத்தவனும் ஒன்றுதான் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் ஆதாரமற்றதல்ல. இப்பகுதி மக்களில் நான்கில் ஒருவரைக் கில்லட்டினில் ஏற்றி, புரட்சியில் பங்கெடுத்தவர்களைத் தவிர மற்றவர்களை விரட்டி, சொத்துகளைப் பறிக்க வேண்டும் என்று எழுதியவர் கொன்வென்சனின் பிரதிநிதி லகோஸ்ட். அப்படி நடக்கவில்லை, ஆனால் அப்படி எழுதும் அதிகாரிகள் இருந்தார்கள். எனவே ஜேர்மன் தேசியவாதிகள் பின்னாளில் சொல்ல விரும்பியதுபோல, இவர்கள் ஜேர்மனிக்கு வாக்களிக்கப் போனவர்களுமல்ல. அப்படியொரு நாடே அப்போது இல்லை. அவர்கள் உயிருக்குப் போனார்கள். காலால் போட்ட இந்த வாக்கை எந்தத் தரப்பின் பெட்டியில் போடுவது?

குடியரசு அதைத் துரோகத்தின் பெட்டியில் போட்டது. 1793 மார்ச் 28 சட்டப்படி எமிக்ரே என்றால் சட்டத்தின் முன் இறந்தவர், நிரந்தரமாக நாடுகடத்தப்பட்டவர், திரும்பினால் மரணம். நிலம் தேசிய சொத்தாகி ஏலத்தில் போனது. ரோபஸ்பியர் வீழ்ந்த பின், 1795 ஜனவரி 11இல், ஒரு விலக்கு வந்தது: 1793 மே முதலாம் திகதிக்குப் பின் வெளியேறியவர்களில் பிரபுவோ குருவோ அல்லாத, தன் கையால் உழைத்துப் பிழைக்கும் உழவரும் தொழிலாளரும் குறித்த தவணைக்குள் திரும்பலாம். அதன்பின் நடந்ததை வாசித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். உழவரல்லாத பலரும் உழவர் என்று நகரசபைச் சான்றிதழ்களுடன் வந்து நின்றார்கள். ஊரவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரிகள் உள்ளங்கையைப் பார்த்தார்களா தெரியாது. எங்களில் பலர் முதல் நேர்முகத்துக்கு எந்தக் கதையை எந்தத் திகதியோடு சொல்வதென்று இரவிரவாக ஒத்திகை பார்த்ததை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு நீடிக்கவில்லை. 1797 செப்டெம்பர் சதிப்புரட்சிக்குப் பின் வந்த சட்டம், பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படாதவர்கள் எல்லோரும் மறுபடி வெளியேற வேண்டும் என்றது. திரும்பி வந்து, கூரை வேய்ந்து, விதைத்தவர்களில் பலர் இரண்டாம் முறையாக ரைனைக் கடந்தார்கள். பொது மன்னிப்பு 1802இல்தான் வந்தது.

இதை விரிவாக எழுதியவர் ரொடொல்ஃப் ரொய்ஸ். ஸ்ராஸ்பூர்க் புரட்டஸ்தாந்துக்காரர், குடியரசுவாதி, 1896இல் ஜேர்மன் ஆட்சியிலிருந்த தனது நகரை விட்டுப் பிரான்சுக்குப் போனவர். பெரும் ஓட்டம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1924இல், அவர் இறந்த ஆண்டில். அவரும் ஓடிய விவசாயிகளின் பக்கம் நிற்கவில்லை. கத்தோலிக்கக் குருமாரின் தூண்டுதலுக்கு அவர் கொடுக்கும் அழுத்தம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஆவணங்களை மறைக்கவில்லை. அவரது கட்சி எதுவென்று தெரிந்துகொண்டு வாசிக்கலாம். ஃபுஸ்தெலை அப்படி வாசிக்க முடிவதில்லை. அவரிடம் 1793 டிசம்பரே இல்லை.

ரெனானிடம் அந்த இன்மைக்கு ஒரு கோட்பாடே உண்டு. தேசம் உருவாக மறதி அவசியம், வரலாற்று ஆராய்ச்சி சில சமயம் தேசத்துக்கு ஆபத்து என்று அதே உரையில் சொல்கிறார். எமது நண்பர்கள் வாக்கெடுப்பை மேற்கோள் காட்டுவார்கள், மறதியை விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. விருப்பம் ஒருமனதாகத் தெரிய வேண்டுமென்றால், எதிராகப் போட்ட வாக்குகள் மறக்கப்பட வேண்டும். 1870இல் அல்சாஸ் மக்கள் பிரான்சை விரும்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளும் விரும்பியிருப்பார்கள். நெப்போலியன் காலம், நிலம், தேவாலயத்துடனான சமரசம், இராணுவத்தில் உயர்வு எல்லாமாக அந்த விருப்பத்தைச் சமைத்தன. அது 1789இன் நேரடிப் பிள்ளை அல்ல என்பதே என் வாதம்.

விருப்பக் கோட்பாடு எவ்வளவு தூரம் நின்றது என்பதற்கு இன்னொரு திகதி. 1918இல் அல்சாஸ் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சு நிர்வாகம் எவரிடமும் விருப்பம் கேட்கவில்லை. ஏ, பி, சி, டி என்று நால்வகை அடையாள அட்டைகள் கொடுத்தது. முன்னோர் 1870க்கு முன் பிரெஞ்சுக்காரராக இருந்தால் ஏ. பெற்றோரில் ஒருவர் அந்நியரானால் பி. டி என்றால் ஜேர்மன். அவர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள் அல்லது வெளியேறினார்கள், பலர் ஒரு பெட்டியுடன், ரைன் பாலத்தால். இந்த மண்ணுக்காக இனத்தையும் இரத்தத்தையும் நிராகரித்துக் கோட்பாடு எழுதிய குடியரசு, மண் கைக்கு வந்ததும் தாய் தகப்பனின் பிறப்பிடத்தைப் பார்த்தது.

புரட்சி பிழை என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலைக் கொம்பை 1791இல் நிறுத்தியது புரட்சிதான். ரெனானைக் கைவிடவும் சொல்லவில்லை. அடுத்த சந்திப்பில் அவரை மேற்கோள் காட்டும் தோழர், வாக்குகளை எண்ணியது யார், எந்தக் கரையில் நின்று எண்ணினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

2017இலிருந்து ஸ்ராஸ்பூர்க்கின் ட்ராம் ரைனைக் கடந்து ஜேர்மன் பக்கத்துக் கேல் வரை போகிறது. சனிக்கிழமைகளில் சிகரட்டும் பற்பசையும் மலிவென்று சனம் நிரம்பி வழியும். எனது தஞ்சக்கோரிக்கை விசாரணையில் இருந்த காலத்தில் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம் வரைதான் நான் நடந்து போவேன். அப்பால் போனால் திரும்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது ட்ராமில் போகும்போது, 1795இல் உழவன் என்று பொய்ச் சான்றிதழை மடியில் கட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து இந்த நதியைப் பார்த்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்வேன்.